இரண்டு மெகாபிக்சலில் ஒரு கிரகம்

செவ்வாயிலிருந்து புதிதாக என்ன படம் வந்திருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் என்ற இரண்டு ரோவர்கள் எடுக்கிற படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்த கையோடு, யாரும் மெருகு போடாமல், வந்தது வந்தபடி நாசாவின் இணையதளத்தில் ஏறிவிடுகின்றன. காசு கிடையாது. கணக்குத் தொடங்க வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி எந்தப் பாறையைப் பார்த்து வியந்துகொண்டிருக்கிறாரோ, அதே பாறையை அதே நாளில் நானும் பார்த்து வியக்கிறேன். அறிவியலில் இதைவிடப் பெரிய பந்தி நான் கண்டதில்லை. வந்தவர் எல்லோருக்கும் ஒரே இலை.

பத்திரிகைகளில் வரும் பளபளப்பான செவ்வாய்ப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் உருகி உருகிச் சொல்ல வந்தது அவற்றைப் பற்றி அல்ல, இந்த மூலப் படங்களைப் பற்றி. ஓரத்தில் வண்டியின் சக்கரம் பாதி தெரியும். நடுவில் ஒரு கல் இருக்கும். பல படங்கள் கறுப்பு வெள்ளை. முழுப்படம் வருவதற்கு முன்பே அதன் குட்டிப் பிரதி வந்து நின்று ஆசையைக் கிளப்பும். ஒவ்வொரு படத்தோடும் எந்தக் கேமரா எடுத்தது, எந்த சோலில் எடுத்தது என்று எழுதியிருக்கும். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள்: 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டால், அந்த ஊருக்கு நாமும் குடிபோய்விட்ட மாதிரிதான்.

இந்தக் கேமராக்களில் ஒன்றுகூட அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல. வண்டி பள்ளத்தில் விழாமல் போக வேண்டும், முன்னால் நிற்கும் பாறை எத்தனை மீட்டர் தூரம் என்று தெரிய வேண்டும், மண்ணில் என்ன கனிமம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் இவை பிறந்தன. எல்லாமே அளவைக் கருவிகள். ஆனால் ஓர் இடத்தை ஏமாற்று வேலை இல்லாமல், அக்கறையாக அளந்தால், அந்த இடத்தின் அழகு தானாக வந்து படத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ரோவர் கேமராக்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இதுதான். என் மோகத்துக்குக் காரணமும் இதுதான்.

ஒரு மெகாபிக்சல் மகாராஜாக்கள்

2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரட்டை ரோவர்கள் செவ்வாயின் இரண்டு பக்கங்களில் இறங்கின. அவற்றின் கம்பத்தின் உச்சியில் இருந்த கேமராவின் பெயர் பான்கேம். அதன் அளவு 1024-க்கு 1024 பிக்சல், அதாவது ஒரு மெகாபிக்சல். இன்று கைப்பேசிக் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மெகாபிக்சலை எப்படிச் செலவழித்தார்கள் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு படத்துக்குள் 16 டிகிரி காட்சி மட்டுமே விழும்படி லென்ஸை அமைத்தார்கள். தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். நல்ல பார்வை உள்ள ஒருவர் அங்கே நின்று பார்த்தால் எவ்வளவு கூர்மையாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அந்தக் கூர்மை கிடைத்தது. சுற்றிலும் முழுக்க வேண்டுமென்றால் ஒன்று எடு, கழுத்தைத் திருப்பு, இன்னொன்று எடு, திருப்பு. அவசரமே இல்லாத வேலை.

வண்ணத்துக்கும் அதே பொறுமை. பான்கேமின் ஒவ்வொரு கண்ணுக்கு முன்னாலும் எட்டு இடங்கள் கொண்ட ஒரு ஃபில்டர் சக்கரம் சுழலும். சிவப்பு ஃபில்டரில் ஒரு படம், பச்சையில் ஒரு படம், நீலத்தில் ஒரு படம் என்று தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பூமியில் சேர்த்தால்தான் வண்ணம். மனிதக் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஃபில்டர்களும் உண்டு. நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கற்கள் அங்கே வேறு வேறு முகம் காட்டும். கனிமத்தை அப்படித்தான் பிடிப்பார்கள்.

ஆப்பர்சூனிட்டி இறங்கியதே ஒரு சின்னப் பள்ளத்துக்குள். முதலில் வந்த படங்களிலேயே எதிரே அடுக்கடுக்காகப் படிவுப் பாறை தெரிந்தது. அருகே போய், கையில் இருந்த நுண்படக் கேமராவால் பார்த்தார்கள். அந்தக் கேமராவில் ஒரு பிக்சல் என்பது 30 மைக்ரான். மிளகைக் கொட்டி இறைத்தது போல உருண்டை உருண்டையாகப் பாறைக்குள்ளும் மண்மேலும் கிடந்தன. விஞ்ஞானிகள் அவற்றுக்கு 'புளூபெர்ரி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அவை ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் செறிந்தவை, நீர் ஊறிய பாறைக்குள் திரண்டவை என்று பின்னர் தெளிவானது. செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்பதற்கான பலமான சாட்சிகளில் அவையும் அடக்கம். அந்த நுண்படங்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். கறுப்பு வெள்ளைதான், ஆனால் ஒவ்வொரு உருண்டையின் மேலும் விழுந்த வெயில் அப்படியே நிற்கிறது.

நிறத்துக்கு ஒரு சாட்சி

"செவ்வாயின் உண்மையான நிறம் என்ன?" என்று கேட்காதவர் இல்லை. இந்தக் கேள்விக்கு ரோவர்கள் வைத்திருக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியின் முதுகில் ஒரு சிறிய தட்டு இருக்கும். அதன் மூலைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். நடுவில் வெளிர் முதல் கரும் வரையான சாம்பல் வளையங்கள். மையத்தில் ஒரு சிறு கம்பம். பூமியில் இருக்கும்போதே அந்த நிறங்களைத் துல்லியமாக அளந்து வைத்திருப்பார்கள். செவ்வாயில் கேமரா முதலில் தட்டைப் படம் எடுக்கும், பிறகு பாறையை எடுக்கும். தட்டின் நிறம் எவ்வளவு மாறித் தெரிகிறதோ, அந்த அளவுக்கு வெளிச்சமும் தூசியும் விளையாடியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம்.

நடுக்கம்பத்தின் நிழல் இன்னொரு வேலை செய்கிறது. வெயில் படும் வளையத்தையும் நிழலில் உள்ள வளையத்தையும் ஒப்பிட்டால், நேரடி வெயில் எவ்வளவு, தூசி நிறைந்த வானம் சிதறித் தரும் வெளிச்சம் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். கம்பமும் நிழலும் இருப்பதால் அதை சூரியக் கடிகாரமாகவும் வடிவமைத்துவிட்டார்கள். அறிவியலைக் குழந்தைகளிடம் கொண்டுபோன பில் நை கொடுத்த யோசனை அது. இரண்டு உலகம், ஒரே சூரியன் என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் பொறித்திருக்கிறது. பெர்சிவரன்ஸின் தட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், நிறப் பொட்டுகளுக்கு அடியில் காந்தங்களைப் புதைத்திருக்கிறார்கள். செவ்வாய்த் தூசியில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் அதிகம். அவை வளையமாக ஓரத்துக்குப் போய்விடும், நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். தூசியை வைத்தே தூசியை விரட்டுகிற அந்த மூளைக்கு ஒரு கும்பிடு!

கறுப்பு வெள்ளையில் ஆழம்

என்னை முழுதாக விழவைத்தவை கியூரியாசிட்டியின் நேவ்கேம்கள். வழி பார்ப்பதற்கென்றே இருக்கும் கறுப்பு வெள்ளைக் கேமராக்கள். ஒன்று இடது கண், ஒன்று வலது கண். இரண்டுக்கும் இடையே 42 சென்டிமீட்டர். ஒரே காட்சியை இரண்டும் எடுக்கும். ஒரு கல் இடது படத்தில் எங்கே இருக்கிறது, வலது படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து அதன் தூரம் கிடைத்துவிடும்.

அந்த ஜோடியை நீங்களே முப்பரிமாணமாக ஆக்கலாம். ஒரே நேரத்தில் எடுத்த இடது, வலது படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். படத்தைத் திருத்தும் ஏதாவது ஒரு இலவச மென்பொருளில் இடது படத்தைச் சிவப்பு வாய்க்காலிலும், வலது படத்தைப் பச்சை, நீல வாய்க்கால்களிலும் வையுங்கள். இப்போது திரையில் எல்லாமே இரட்டையாக, சாயம் வழிந்து தெரியும். ஒன்றை மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி, தொலைவில் இருக்கும் மலைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். இடது கண்ணுக்குச் சிவப்பும் வலது கண்ணுக்கு நீலப்பச்சையுமான தாள் ஒட்டிய கண்ணாடியை மாட்டுங்கள்.

அவ்வளவுதான். தட்டையாக இருந்த படம் திறந்துகொள்கிறது. முன்னால் கிடக்கும் கற்கள் திரையை விட்டு வெளியே எழுகின்றன. மணல் மேடு உங்களை விட்டு விலகி விலகிப் போய், அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், வண்டி இறங்கிய கேல் பள்ளத்தின் விளிம்பு மலை நிற்கிறது. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர். இந்தக் கண்களுக்கு 42. ஆகவே நாம் நேரில் நின்றால் தெரிவதைவிட ஆழம் அதிகமாகவே தெரியும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முதுகு இருப்பது தெரியும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கழுத்தை எக்கிப் பார்க்கத் தோன்றும். அந்தக் கணத்தில் செவ்வாய் எனக்குப் படமாக இருப்பதில்லை, இடமாகிவிடுகிறது. நடக்கலாம், தடுக்கி விழலாம், ஒரு பாறை நிழலில் உட்காரலாம் என்று தோன்றும் இடம்.

இன்னொரு சங்கதி. கியூரியாசிட்டியின் சக்கரங்களில் சில துளைகள் உண்டு. அவை மணலில் பதிக்கும் தடம் மோர்ஸ் குறியீட்டில் 'ஜே.பி.எல்.' என்று வாசிக்கப்படும். வண்டியைச் செய்த ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் சுருக்கப் பெயர் அது. பெருமைக்காக மட்டும் போட்ட முத்திரை அல்ல. அடையாளமே இல்லாத வெற்று மணலில் போகும்போது, வண்டி தன் தடத்தைத் தானே திரும்பிப் பார்த்து, சக்கரம் வழுக்காமல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்துகொள்ள அந்தக் குறிகள் உதவுகின்றன. ஒவ்வொரு மூலப் படத்திலும் அந்தத் தடத்தைத் தேடுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

பூதக்கண்ணாடி பிடித்த கை

கியூரியாசிட்டியில் மொத்தம் 17 கேமராக்கள். கம்பத்தின் உச்சியில் இருப்பது மாஸ்ட்கேம்: இடது கண் 34 மில்லிமீட்டர் லென்ஸ், வலது கண் 100 மில்லிமீட்டர் லென்ஸ். ஒன்று அகலமாகப் பார்க்கும், மற்றது தொலைவைக் கிட்டே இழுக்கும். இரண்டுக்கும் 2 மெகாபிக்சல்தான். அந்த 2 மெகாபிக்சலை வைத்து 2019 நவம்பர் இறுதியில் ஒரு சாதனை செய்தார்கள். அமெரிக்காவில் நன்றி நவிலும் விடுமுறை; வண்டியை ஓட்டுபவர்கள் வீட்டில் இருந்தார்கள், வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஓய்வில் தொலைநோக்கு லென்ஸால் ஆயிரத்துக்கு மேல் படங்கள். வெளிச்சம் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செவ்வாய் நேரப்படி பகல் 12 மணி முதல் 2 மணிக்குள் மட்டும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒட்டியபோது 180 கோடி பிக்சல் பனோரமா கிடைத்தது. அதற்குள் போய்விட்டால் திரும்பி வர மனம் வராது. பெரிதாக்கப் பெரிதாக்க, மலை பாறையாகும், பாறை அடுக்காகும், அடுக்கு கோடாகும்.

இன்னொரு கேமரா கையின் நுனியில் இருக்கிறது. மாலி என்று பெயர். புவியியலாளர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியின் வேலை அதற்கு. மிக அருகில் போனால் ஒரு பிக்சல் 14 மைக்ரான். இரவில் பார்க்க அதற்கென்று வெள்ளை விளக்கும் புறஊதா விளக்கும் உண்டு. ஒரு சின்னப் பொருளின் முன்பக்கம் தெளிவாக இருந்தால் பின்பக்கம் மங்கிவிடும் அல்லவா? வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் வைத்து எட்டு படம் வரை எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து, செவ்வாயிலேயே ஒரே படமாக்கி அனுப்பிவிடும். 2022 பிப்ரவரியில் அது அப்படி எடுத்த ஒரு கனிமப் படிவம் கிளை கிளையாக விரிந்து பூப் போல நின்றது. பாறையின் வெடிப்புகளில் பழங்காலத் தண்ணீர் விட்டுப்போன கனிமம், சுற்றியிருந்த மென்மையான பாறை தேய்ந்தபின் அப்படி எஞ்சி நிற்கிறது.

2024 மே மாதம் நடந்ததை மறக்கவே முடியாது. வண்டி ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கியது, கல் உடைந்தது. திரும்பிப் பார்த்தால் உள்ளே பளீரென்று மஞ்சள் படிகங்கள். சுத்தமான கந்தகம்! செவ்வாயில் அதுவரை சேர்மங்களாகத்தான் கந்தகத்தைப் பார்த்திருந்தார்கள்; தனிமமாக யாரும் பார்த்ததில்லை. அந்த மஞ்சளைப் படத்தில் கண்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

மாலியின் புகழ்பெற்ற வேலை செல்ஃபிதான். அண்ணன் மகளிடம் ஒரு செல்ஃபியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, செல்ஃபின்னா கை தெரியணுமே, கை எங்க?" என்றாள். சரியான கேள்வி! இது ஒரே படம் அல்ல. 2012 அக்டோபரில் ராக்நெஸ்ட் என்ற இடத்தில் எடுத்த முதல் முழு செல்ஃபிக்கே 55 படங்கள். கை ஒவ்வொரு முறையும் சற்றே மடங்கி, திரும்பி, வண்டியின் வேறு வேறு பகுதியைப் பிடிக்கிறது. பெரும்பாலான படங்களில் கை கேமராவுக்குப் பின்னால்தான் இருக்கும். ஒன்றில் முழங்கை எட்டிப் பார்த்தால், அந்த இடத்தை வேறொரு படம் நிரப்பிவிடும். "ஆனா தரையைப் பாரு" என்றேன். அங்கே கையின் நிழல் விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவள் கூச்சலிட்டதைப் பார்க்க வேண்டுமே!

வானத்திலிருந்து விழுவதைப் பார்த்தோம்

2021 பிப்ரவரி 18-ஆம் தேதி பெர்சிவரன்ஸ் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கியது. இறங்கும் அமைப்பில் இருந்தவற்றையும் சேர்த்தால் அந்தத் திட்டத்துக்கு 23 கேமராக்கள். அவற்றில் சில, கடையில் கிடைக்கும் வகைக் கேமராக்களைக் கொஞ்சம் பலப்படுத்திப் பொருத்தியவை. அவைதான் நமக்கு அந்தக் காணொளியைத் தந்தன. பாராசூட் விரிந்து திறக்கிறது, வெப்பக் கவசம் கழன்று கீழே கீழே போகிறது, தரை நெருங்குகிறது, ராக்கெட் அனல் பட்டுத் தூசி நாலாபுறமும் பறக்கிறது, கயிற்றில் தொங்கியபடி வண்டி இறங்குகிறது. வேறொரு கிரகத்தில் இறங்குவதை மனித இனம் இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. எத்தனை முறை ஓடவிட்டாலும் பாராசூட் விரியும் இடத்தில் எனக்குப் புல்லரிக்கிறது.

அந்தப் பாராசூட்டின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளில் ஒரு செய்தியை இரும எண்களில் ஒளித்து வைத்திருந்தார் பொறியாளர் இயன் கிளார்க். காணொளி வெளியான சில மணி நேரத்தில் ஆர்வலர்கள் அதை உடைத்துவிட்டார்கள். பெரிய காரியங்களுக்குத் துணி என்பது உட்பொருள், விளிம்பில் ஜே.பி.எல். இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. படத்தை எல்லோருக்கும் திறந்துவைத்தால் எல்லோரும் அதற்குள் புகுந்து தேடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வண்டியை ஓட்டுவதிலும் கேமராக்களுக்குப் புது மவுசு வந்தது. நேவ்கேம்கள் 20 மெகாபிக்சல் வண்ணக் கேமராக்களாகிவிட்டன. பழைய ரோவர்கள் படம் எடுத்து, நின்று யோசித்து, பிறகு நகர்ந்தன. பெர்சிவரன்ஸில் படங்களை அலசுவதற்கென்றே தனிக் கணினி இருக்கிறது, ஓடிக்கொண்டே யோசிக்கிறது. கம்பத்தின் மேலே மாஸ்ட்கேம்-இசட். கியூரியாசிட்டியிலேயே ஜூம் லென்ஸ் வைக்க ஆசைப்பட்டார்கள். அந்தக் கேமராக் குழுவில் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனும் இருந்தார். உரிய நேரத்துக்குள் அது தயாராகவில்லை. அந்த ஆசை பெர்சிவரன்ஸில் நிறைவேறியது: 26 முதல் 110 மில்லிமீட்டர் வரை ஜூம், இரண்டு கண்ணுக்கும். ஸ்பிரிட் காலத்தில் பான்கேமை வழிநடத்திய ஜிம் பெல்தான் இதற்கும் தலைவர்.

2021 ஏப்ரல் 19-ஆம் தேதி அந்த ஜூம் லென்ஸ் வழியாகத்தான், பெர்சிவரன்ஸோடு வந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறப்பதைப் பார்த்தோம். 3 மீட்டர் உயரம், 39 விநாடி. சின்னக் கரும்புள்ளி மெல்ல எழும்பி, நின்று, திரும்பி, இறங்குகிறது. ரைட் சகோதரர்களின் விமானத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்குத் துணியும் அதில் ஒட்டியிருந்தது என்று தெரிந்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

அந்த ஊர் வானம்

தரையைப் பார்க்கத்தான் அனுப்பினார்கள்; ஆனால் இந்தக் கேமராக்கள் தலை நிமிர்ந்த நேரங்கள்தான் என் நெஞ்சில் நிற்பவை. 2005 மே மாதம் ஸ்பிரிட்டும், 2015 ஏப்ரலில் கியூரியாசிட்டியும் சூரிய அஸ்தமனத்தை எடுத்தன. பகலெல்லாம் மங்கிய காவி வானம். மாலையில் சூரியனைச் சுற்றி மட்டும் நீலம்! அங்கே தூசித் துகள்கள் மிகவும் நுண்ணியவை. அவை நீல ஒளியைச் சூரியன் இருக்கும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறவிடுகின்றன. நம் ஊரில் பகல் நீலம், அந்தி சிவப்பு. அங்கே அப்படியே தலைகீழ்.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மாஸ்ட்கேம்-இசட் ஒரு கிரகணத்தைக் காணொளியாகப் பிடித்தது. செவ்வாயின் நிலவு ஃபோபோஸ், கோணல்மாணலான கரும்பாறை, 40 விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் சூரியனைக் குறுக்கே கடந்து போகிறது. சூரியனை முழுதாக மறைக்கும் அளவுக்கு அது பெரிதல்ல. மேடு பள்ளமான அதன் ஓரம் நன்றாகத் தெரிகிறது. இந்தக் காட்சியை நொடிக் கணக்காக அளந்துதான் ஃபோபோஸின் பாதையைத் திருத்திக்கொள்கிறார்கள். அது மெல்ல மெல்லச் செவ்வாயை நெருங்கி வருகிறது, சில கோடி ஆண்டுகளுக்குப் பிறகு சிதையப்போகிறது.

2024 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று செவ்வாயை நோக்கி வருவது முன்கூட்டியே தெரிந்தது. பெர்சிவரன்ஸை இரவில் வானம் பார்க்கச் சொன்னார்கள். கிடைத்தது பச்சை ஒளி. வேறொரு கிரகத்தின் தரையில் நின்று துருவ ஒளியைப் பார்த்தது அதுவே முதல் தடவை. படம் மங்கல், புள்ளி புள்ளியாக இரைச்சல். ஆனால் அந்தப் பச்சையைத் தந்தது ஆக்சிஜன் அணு. பூமியின் துருவங்களில் ஒளிரும் அதே பச்சை. அலங்காரமான ஆயிரம் படங்களை அந்த ஒரு மங்கல் படத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

மற்ற வண்டிகள்

இந்தக் கலை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 2021-இல் செவ்வாயில் இறங்கிய சீனாவின் ஜூரோங் ரோவர் தன் வயிற்றிலிருந்து ஒரு சின்ன கம்பியில்லாக் கேமராவைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து போய், தன்னைச் சுமந்து வந்த தளத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஒட்டு வேலையே இல்லாத ஒரே சட்டகத்தில் இருவரும். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடுகிறது.

நிலவில் நம் பிரக்யான்! 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 இறங்கியது, விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். 26 கிலோ எடையுள்ள பிரக்யானின் முகப்பில் இரண்டு நேவ்கேம்கள், பெங்களூரில் இஸ்ரோவின் மின்ஒளியியல் ஆய்வகம் உருவாக்கியவை. ஆகஸ்ட் 27-ஆம் தேதி மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று குறுக்கிட, பிரக்யான் வழிமாற்றிப் போனது. அந்தப் பள்ளத்தின் படத்தையும், திரும்பி வந்த தடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமரா என்றால் என்ன வேலை என்று அந்த இரண்டு படமும் சொல்லிவிடும். ஆகஸ்ட் 30-ஆம் தேதி அதே கண்கள் திரும்பி விக்ரம் தரையிறங்கியைப் படம் பிடித்தன. பிறகு இடது, வலது படங்களைச் சேர்த்துச் சிவப்பு நீல முப்பரிமாணப் படமாகவும் இஸ்ரோ தந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விக்ரமின் கால்கள் நிலவு மண்ணில் ஊன்றி நிற்பதைப் பார்த்தபோது எனக்கிருந்த பெருமிதத்துக்கு அளவே இல்லை.

வண்ணம் முடியாத மூலை

எல்லாவற்றிலும் என்னை அதிகம் அசைத்த படத்துக்கு வருகிறேன். 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை, எண்டெவர் பள்ளத்தின் மேற்கு விளிம்பில் ஒரு சரிவில் நின்று ஆப்பர்சூனிட்டி சுற்றுமுற்றும் படம் எடுத்தது. 354 படங்கள். வழக்கம் போல ஒவ்வொரு இடத்தையும் வெவ்வேறு ஃபில்டரில் தனித்தனியாக எடுக்கும் வேலை. அப்போது செவ்வாயையே மூடிய தூசிப் புயல் வந்தது. சூரிய ஒளியில் வாழ்ந்த வண்டிக்கு வெயில் அற்றுப்போனது. ஜூன் 10-க்குப் பிறகு அதனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. 2019 பிப்ரவரி 13-ஆம் தேதி பயணம் முடிந்ததாக அறிவித்தார்கள். 90 சோல்களுக்கென்று அனுப்பிய வண்டி 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 45 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அந்தக் கடைசிப் பனோரமாவின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். படம் முழுக்க வண்ணம், அங்கே மட்டும் சில சட்டகங்கள் கறுப்பு வெள்ளை. பச்சை, ஊதா ஃபில்டர்களில் அந்த இடத்தை எடுப்பதற்குள் புயல் முந்திக்கொண்டது. அதை வேறு வண்ணம் பூசி மறைத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மறைக்கவில்லை. எடுத்ததை எடுத்தபடி வைத்தார்கள், எடுக்காததை எடுக்காததாகவே விட்டார்கள். இந்தக் கேமராக்களை நான் ஏன் இவ்வளவு நம்புகிறேன், ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று யாராவது கேட்டால் அந்த மூலையைத்தான் காட்டுவேன்.

நீங்களும் வாருங்கள்

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், பட்டம் வேண்டாம், இருட்டு வானம்கூட வேண்டாம். ஒரு கைப்பேசி போதும். நாசாவின் தளத்தில் கியூரியாசிட்டி அல்லது பெர்சிவரன்ஸின் மூலப் படங்கள் பகுதிக்குப் போங்கள். கடைசி சோலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நேவ்கேம் படங்களைப் பாருங்கள்; வண்டி எங்கே நிற்கிறது என்று பிடிபடும். பிறகு மாஸ்ட்கேமுக்குப் போனால், அன்றைக்கு விஞ்ஞானிகளின் கண் எந்தப் பாறையில் விழுந்தது என்று தெரியும். கையின் கேமரா ஏதாவது படம் அனுப்பியிருந்தால், அந்தப் பாறையை அவர்கள் விடவில்லை என்று பொருள். சக்கரத்தையும் பாருங்கள், கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களில் கிழிசல்களும் ஓட்டைகளும் விழுந்திருக்கின்றன, அதோடுதான் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். ஒரு மலை மெல்ல நெருங்கி வருவதும், ஒரு பாறை பின்னால் போய் மறைவதும் புரிந்துவிடும். அப்புறம் விடமாட்டீர்கள்.

இப்படி வீட்டில் உட்கார்ந்து செவ்வாய்ப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்த ஆர்வலர்களில் ஒருவரான பிரிட்டனின் டக் எலிசன், பிறகு ஜே.பி.எல்.லிலேயே சேர்ந்து கியூரியாசிட்டியின் கேமராக்களோடு வேலை செய்கிறவராகிவிட்டார். அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது. புதிதாக ஏறிய ஒரு படத்தை நீங்கள் திறக்கும்போது, அந்தக் கல்லை உங்களுக்கு முன் பார்த்த மனிதர்கள் ஒரு சிலராகத்தான் இருப்பார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த கல் அது. போய்ப் பாருங்கள், இன்றைக்கே பாருங்கள்!